ஐந்து கோப்பைகளுக்கு ஒரு துபாஷி

துபாஷி அந்த விருந்துக்காக ஒரு வாரமாகவே பறந்துகொண்டிருந்தாள். அன்றைக்கு மதியச் சாப்பாட்டைக்கூடப் பாதியில் நிறுத்திவிட்டாள். "வயித்துல இடம் வேணும்ல" என்று கணவருக்கு விளக்கம் வேறு.

துபாஷி என்பது நீதிமன்றத்தில் அவளுக்கு விழுந்த பட்டப்பெயர். பிரெஞ்சு மட்டும் தெரிந்த யாராவது சாட்சிக் கூண்டில் ஏறினால், பக்கத்தில் நின்று அவர்கள் சொல்வதைத் தமிழில் சொல்வது அவள் வேலை. ஒரு வக்கீல் விளையாட்டாக வைத்த பெயர் வராந்தா முழுக்கப் பரவி, வீட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. குடித்துவிட்டு வண்டி ஓட்டியவர்கள் பிரெஞ்சில் எத்தனை விதமாகச் சாக்குச் சொல்வார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி. ஆனால் அவர்கள் குடித்தது எப்படி இருக்கும் என்று தெரியாது. அந்த மொழி அவளுக்கு இதுவரை தந்ததெல்லாம் திருட்டும் விவாகரத்தும் அடிதடியும்தான். இன்றைக்குத்தான் முதல்முறையாக அதில் ஏதோ ருசியாக வரப்போகிறது.

விருந்து அவளுடைய தம்பியின் உணவகத்தில். மதியச் சாப்பாட்டுக் கடையாக ஓடிக்கொண்டிருந்த இடத்தை, முதல்தடவையாக ஒரு மாலைக்கு மேஜை விரிப்பெல்லாம் போட்டு மாற்றியிருந்தான். ஐந்து சுற்றுச் சாப்பாடு. ஒவ்வொரு சுற்றுக்கும் பிரான்சின் ஒவ்வொரு பகுதியிலிருந்து ஒரு ஒயின். அவற்றைப் பற்றிப் பேச அங்கிருந்தே ஒரு வயதான ஒயின் வியாபாரி வந்திருந்தார்.

"ரெண்டு வாய் சாப்பாடு, அதுக்கு அரைமணி நேரம் பேச்சா?" என்றார் கணவர், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே. அவர் லிஃப்ட் மெக்கானிக். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் லிஃப்டைப் பார்த்துவிட்டுத்தான் மனிதர்களைப் பார்ப்பார்.

"நீங்க பேச வேணாம். சாப்பிட்டா போதும். நானும் இன்னிக்கு வாயைத் திறக்கப் போறதில்ல. சாப்பிட மட்டும்தான் திறப்பேன்" என்றாள் துபாஷி.

உணவக வாசலில் கால் வைத்ததுமே தம்பியின் மனைவி ஓடிவந்து அவள் கையைப் பிடித்தாள். "அண்ணி, நல்லவேளை சீக்கிரம் வந்தீங்க. உள்ள வாங்க. அண்ணா, நீங்க உக்காருங்க, இதோ அனுப்பிடறேன்."

சமையலறையில் தம்பி ஏப்ரனோடு நின்றிருந்தான். சிறுவயதிலிருந்தே பதற்றம் வந்தால் அவனுக்குக் காது சிவந்துவிடும். இப்போது இரண்டு காதும் தக்காளி மாதிரி இருந்தன.

"அக்கா, கவுத்துட்டாங்க. பெரியவர் சொல்றதைத் தமிழ்ல சொல்ல அவரோட தமிழ் மருமக வர்றதா இருந்துச்சு. அந்தப் பொண்ணுக்குத் தொண்டை கட்டிக்கிச்சு. வாயைத் திறந்தா காத்துதான் வருது. ஹோட்டல் ரூம்ல படுத்திருக்கா."

"அதுக்கு?"

"நீதான் பேசணும்."

"டேய், எனக்கு ஒயினைப் பத்தி என்னடா தெரியும்?"

"உனக்கு எதுக்குத் தெரியணும்? அவருக்குத் தெரியும். அவர் சொல்றதை அப்படியே சொல்லு, போதும். முப்பது பேர் வந்து உக்காந்திருக்காங்க அக்கா."

அடுப்பில் வெங்காயம் வெண்ணெயில் வதங்கும் மணம் அவள் மூக்கை இழுத்தது. துபாஷி அதை ஒரு ஏக்கப் பார்வை பார்த்துவிட்டு, கைப்பையைத் தம்பி மனைவியிடம் கணவருக்குக் கொடுத்தனுப்பிவிட்டு, கூடத்துக்கு நடந்தாள். தனக்கு இருப்பது பயம்தான் என்று நினைத்தாள். ஆனால் பயத்துக்குக் கால் இவ்வளவு வேகமாக நடக்காது.

பெரியவர் குட்டையாக, வெள்ளைப் புருவத்தோடு, கன்னம் சிவந்து இருந்தார். அவள் பிரெஞ்சில் வணக்கம் சொன்னதும் அவர் முகத்தில் விளக்குப் போட்டதுபோல் ஆயிற்று. இரண்டு கைகளாலும் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

முதல் கோப்பை அல்சாஸிலிருந்து. கழுத்து நீண்ட மெல்லிய பாட்டிலில் வெள்ளை ஒயின். கூடவே வெங்காயம் பரப்பிச் சுட்ட மெல்லிய அப்பத் துண்டு. பெரியவர் பேச ஆரம்பித்தார். துபாஷி நீதிமன்றத்தில் நிற்பதுபோலவே முதுகை நேராக்கிக்கொண்டு, முகத்தில் எதையும் காட்டாமல், அவர் சொன்னதை அப்படியே சொன்னாள். அங்கே சாட்சி 'நான்' என்றால் துபாஷியும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். பழக்கதோஷம் விடுமா?

"நான் பொறந்தது ஜெர்மனி எல்லைக்குப் பக்கத்துல. எங்க அப்பாவுக்கு மீசை பெரிசு. இந்த ஒயினைத்தான் நான் என் மனைவிக்கு மொதமொத வாங்கிக் குடுத்தேன். அவளுக்குப் பிடிக்கல. ஆனாலும் என்னைக் கட்டிக்கிட்டா."

ஜன்னலோர மேஜையிலிருந்து கணவர் குரல் கொடுத்தார். "அது யாரும்மா? எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லவே இல்லையே!"

முப்பது பேரும் சிரித்துவிட்டார்கள். என்ன நடந்தது என்று பெரியவர் கேட்க, துபாஷி சொல்ல, அவர் எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தார். பிறகு கோப்பையைச் சுழற்றி முகர்ந்து ஏதோ சொன்னார். துபாஷிக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று சந்தேகம். திரும்பக் கேட்டாள். அவர் அதையேதான் சொன்னார்.

"கொஞ்சம் பெட்ரோல் வாசனை வருதுங்கறார். அது நல்லதாம்."

எல்லா மூக்குகளும் கோப்பைக்குள் போயின. "அட, ஆமா!" என்றது ஒரு குரல். "பங்க்ல நிக்கற மாதிரியே இருக்கு!" என்றது இன்னொன்று. துபாஷியும் தன் கோப்பையை முகர்ந்தாள். எலுமிச்சை, அதற்குப் பின்னால் எங்கோ தூரத்தில் நிஜமாகவே ஒரு பெட்ரோல் பங்க். ஒரு வாய் குடித்தாள். நாக்கின் இரண்டு ஓரமும் கூசி விழித்துக்கொண்டன. அப்பத் துண்டை எடுத்துக் கடிப்பதற்குள் பெரியவர் அடுத்ததைப் பேசத் தொடங்கிவிட்டார். தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

இரண்டாவது லுவார் நதிக்கரையிலிருந்து. வெதுவெதுப்பாக்கிய ஆட்டுப்பால் சீஸோடு. பெரியவர் கோப்பையை மூக்கருகில் கொண்டுபோய், கண்ணை மூடி, ஆசையாக ஒரு சொல்லைச் சொன்னார். துபாஷி வாயைத் திறந்தாள், மூடினாள். இந்தச் சொல் அவளுக்கு நன்றாகத் தெரியும். பக்கத்து வீட்டுக்காரர்கள் இருவர் போட்ட வழக்கில் பூனைதான் முக்கியக் காரணம். மூன்று வாய்தா முழுக்க இதே பேச்சுதான்.

சமையலறைக் கதவிடுக்கில் தம்பியின் சிவந்த காது தெரிந்தது. சரி, சொன்னதைச் சொல்லுவோம் என்று துணிந்தாள்.

"நல்லா மோந்து பாருங்க. வெட்டின புல்லு, நெல்லிக்காய் மாதிரி ஒண்ணு, அப்புறம்… பூனை மூத்திரம்."

கதவிடுக்கில் காது மறைந்தது. ஒரு தட்டு கீழே விழும் சத்தம்.

ஆனால் கூடம் வெடித்துவிட்டது. யாரும் கோபிக்கவில்லை. ஒருவர் கோப்பையை இன்னொருவர் வாங்கி முகர்ந்தார். நடு மேஜையில் உட்கார்ந்திருந்த பல் டாக்டர், கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு முகர்ந்துபார்த்து, "எங்க வீட்டு சோபாதான், சந்தேகமே இல்ல" என்று அறிவித்தார். குடித்துப் பார்த்தால் பூனை எங்கோ ஓடிவிட்டிருந்தது. மழை பெய்து முடிந்த புல்தரை மாதிரி ஒரு குளிர்ச்சிதான் மிச்சம். துபாஷிக்கு உடம்பு லேசானதுபோல் இருந்தது. கூண்டருகில் நிற்கும் விறைப்பு எப்போது போனது என்றே தெரியவில்லை. கையை ஆட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். நீதிமன்றத்தில் கையை ஆட்டினால் நீதிபதி முறைப்பார்.

மூன்றாவது பர்கண்டி. வெண்ணெய்ச் சாறு ஊற்றிய மீன். வறுத்த பருப்பும் வெண்ணெயும் மணக்கும் தங்க நிற ஒயின். பெரியவர் ஒரு வாக்கியம் சொன்னால், மேஜைகளிலிருந்து நாலு கேள்வி வந்தது. அதை அவருக்குச் சொல்லி, அவர் பதிலை இவர்களுக்குச் சொல்லி, நடுவில் அவளே இரண்டு வார்த்தை கூடச் சேர்த்து, பந்து மாதிரி அங்கும் இங்கும் ஓடிக்கொண்டிருந்தாள். மீனும் வந்தது, போயிற்று. அவளுக்குக் கிடைத்தது முள்கரண்டி நுனியில் ஒட்டிய சாறு மட்டும். அதுவே தேவலோகமாக இருந்தது.

நான்காவதுதான் அன்றைய முக்கியச் சுற்று. போர்தோவின் சிவப்பு ஒயின், ஆட்டுத்தொடை வறுவல். இதற்காகத் தம்பி காலையிலிருந்து அடுப்பை விட்டு நகரவில்லை. தம்பி மனைவி பாட்டில்களை முன்கூட்டியே திறந்து, மேஜைக்கு ஒரு பாட்டில் என்று ஊற்றி முடித்திருந்தாள். பெரியவர் எழுந்து நின்றார். துபாஷியும் நின்றாள். கூடம் அடங்கியது.

அவர் கோப்பையை முகர்ந்தார். புருவம் சுருங்கியது. மறுபடி முகர்ந்தார். கோப்பையை மெதுவாக மேஜையில் வைத்துவிட்டு, ஒரே ஒரு சொல் சொன்னார்.

"புஷொனே."

துபாஷி விழித்தாள். அவளுக்குத் தெரிந்த 'புஷோன்' ரோட்டில் வண்டிகள் அடைத்துக்கொண்டு நிற்பது. விபத்து வழக்குகளில் நாள்தோறும் வரும் வார்த்தை. ஒயினுக்குள் என்ன டிராஃபிக்? அவள் மெல்லக் கேட்க, அவர் தாழ்ந்த குரலில் விளக்கினார். பாட்டில் தக்கைக்கும் புஷோன் என்றுதான் பெயர். எப்போதாவது ஒரு தக்கையில் பூஞ்சைக் கோளாறு வந்துவிடும். அது ஒயினைக் கெடுத்துவிடும். உடம்புக்கு ஒன்றும் செய்யாது, ஆனால் ருசி செத்துவிடும். யார் செய்த தப்பும் இல்லை.

துபாஷி நிமிர்ந்து பார்த்தாள். முப்பது முகங்களும் அவளையே பார்த்தன. சமையலறைக் கதவில் தம்பி. அவன் முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது, பெரியவர் முகம் சுருங்கியதைப் பார்த்துவிட்டான். கண்ணை அகல விரித்து, தலையை இடமும் வலமும் ஆட்டினான். சொல்லாதே, அக்கா. ஏதாவது சொல்லிச் சமாளி.

சமாளிக்கலாம்தான். அங்கே பிரெஞ்சு தெரிந்தவர்கள் வேறு யாரும் இல்லை. 'அருமையான ஒயின், குடியுங்கள்' என்று சொல்லிவிட்டால் யாருக்கும் தெரியப்போவதில்லை. எல்லோரும் அந்தச் செத்த ஒயினைக் குடித்துவிட்டு, போர்தோ என்றால் இவ்வளவுதானா என்று வீட்டுக்குப் போவார்கள். அந்த நினைப்புத்தான் அவளுக்குத் தாங்கவில்லை. இவ்வளவு நேரம் பூனை வரைக்கும் நம்பி முகர்ந்தவர்கள் ஆயிற்றே.

"இந்த கிளாஸ்ல இருக்கறது கெட்டுப்போச்சுங்கறார்" என்றாள்.

தம்பி கதவைப் பிடித்துக்கொண்டான்.

"தக்கையில வந்த கோளாறு. எங்கயாவது அபூர்வமா இப்படி ஆகுமாம். யார் மேலயும் தப்பு இல்ல, உடம்புக்கும் ஒண்ணும் ஆகாது. ஆனா எல்லா பாட்டிலும் இப்படி இருக்காது. எது கெட்டது, எது நல்லதுன்னு இப்ப நாமதான் கண்டுபிடிக்கணும். யாரும் குடிக்காதீங்க. மொதல்ல மோந்து பாருங்க!"

கடைசி மூன்று வாக்கியங்கள் பெரியவர் சொன்னவை அல்ல. அவளுடையவை. சொன்ன பிறகுதான் அவளுக்கே தெரிந்தது. உடனே அவர் பக்கம் திரும்பி, தான் சொன்னதைப் பிரெஞ்சில் சொன்னாள். அவர் கண்கள் பளபளத்தன. "ஆமாம், ஆமாம், அப்படியே செய்வோம்!" என்று கையைத் தட்டினார்.

அவர் தன் கோப்பையை முதல் மேஜைக்குக் கொடுத்தனுப்பினார். கெட்டது எப்படி மணக்கும் என்று தெரிந்தால்தானே மற்றதைச் சொல்ல முடியும்? கோப்பை கைமாறிக் கைமாறிப் போயிற்று. ஈரமான அட்டைப்பெட்டி என்றார் ஒருவர். துவைத்து மடித்து மறந்துபோன துணி என்றார் இன்னொருவர். கோப்பை லிஃப்ட் மெக்கானிக்கிடம் வந்தது. அவர் ஒரு தடவைதான் முகர்ந்தார்.

"லிஃப்டுக் குழியில மழைத்தண்ணி தேங்கின நாத்தம். இதுல தினம் நிக்கறேன், எனக்குத் தெரியாதா?"

"அப்ப உங்க கிளாஸ்?" என்று துபாஷி கூடத்தின் மறுகோடியிலிருந்து கேட்டாள்.

அவர் தன்னுடையதை எடுத்து முகர்ந்தார். முகம் மலர்ந்தது. "இது வேற. இது… ஸ்கூல்ல பென்சில் சீவின மாதிரி இருக்கு."

அதைப் பிரெஞ்சில் கேட்ட பெரியவர் துள்ளிவிட்டார். அதேதான், நல்ல போர்தோவில் அதைத்தான் தேட வேண்டும் என்றார். அவ்வளவுதான், ஒவ்வொரு மேஜையும் பென்சிலா அட்டையா என்று தேட ஆரம்பித்தது. "எங்களுக்குப் பென்சில்!" "இங்கயும் பென்சில்!" தம்பி மனைவி மேஜை மேஜையாக ஓடினாள். இதெல்லாம் நடக்கும்போது துபாஷி நாற்காலிகளுக்கிடையே புகுந்து புகுந்து போய்க்கொண்டிருந்தாள். தலைமுடி கலைந்திருந்தது. சிரித்துக்கொண்டிருந்தாள்.

பல் டாக்டர் மேஜையில் மட்டும் எல்லோரும் மூக்கைச் சுருக்கினார்கள். "அட்டை" என்றார் டாக்டர், தீர்ப்புச் சொல்வதுபோல. பெரியவருக்கு ஊற்றியதும் அதே பாட்டிலிலிருந்துதான். கெட்டது அந்த ஒன்றுதான், மற்றதெல்லாம் அருமை.

ஆனால் மாற்றுப் பாட்டில் இல்லை. சமையலறைக்குள்ளிருந்து வறுவல் தட்டுகள் வரிசையாக வெளியே வரத் தொடங்கிவிட்டன. இறைச்சி காத்திருக்காது. தம்பி மனைவி கையைப் பிசைந்தாள். அப்போது பெரியவர் துபாஷியின் காதில் ஏதோ சொல்லிவிட்டு, அறை மூலையில் வைத்திருந்த தன் தோல்பையை நோக்கி நடந்தார். அதிலிருந்து துணியில் சுற்றிய ஒரு பாட்டிலை எடுத்தார். லேபிள் பழுப்பேறிப் போயிருந்தது.

"இது இந்த இடத்துச் சமையல்காரருக்குப் பரிசாத் தரணும்னு நான் கொண்டுவந்தது" என்று துபாஷி அவர் குரலிலேயே சொன்னாள். "பழைய போர்தோ. அவர் அனுமதிச்சா இதை இப்ப இந்த மேஜைக்குத் திறக்கறேன்."

எல்லோரும் தம்பியைப் பார்த்தார்கள். அவன் தலையை ஆட்டினான், இந்தத் தடவை மேலும் கீழும்.

பெரியவரே திறந்தார். தக்கையை முகர்ந்தார், சிரித்தார். பல் டாக்டர் ஒரு வாய் குடித்துவிட்டு, கண்ணாடியை மறுபடி கழற்றி வைத்தார். பக்கத்து மேஜைக்காரர் பொறுக்கமாட்டாமல், "ஏங்க, இது அநியாயம். எங்களுக்கும் கெட்ட பாட்டிலே குடுத்திருக்கலாமே!" என்று கத்த, கூடம் மறுபடி அதிர்ந்தது.

சிவப்பு ஒயின் ஈறைப் பிடித்து இழுக்கிறதே, அது என்ன என்று யாரோ கேட்டார்கள். பெரியவர் நீளமாக விளக்கினார். திராட்சைத் தோல், விதை, காம்பு, அதில் உள்ள ஏதோ ஒன்று, நாக்கு வறண்டு, கன்னத்தின் உட்புறம் சுருங்கி… துபாஷி முழுவதையும் கேட்டுவிட்டு, "துவர்ப்பு" என்றாள். கூடம் "ஓ!" என்றது. அவ்வளவு பெரிய பேச்சு ஒரே சொல்லில் எப்படி முடிந்தது என்று பெரியவர் அவளைச் சந்தேகமாகப் பார்த்தார். பாதியை முழுங்கிவிட்டாள் என்று நினைத்தாரோ என்னவோ. அது தங்களுக்கு வீட்டில் குழந்தைகூடச் சொல்லும் வார்த்தை என்று அவள் விளக்கியதும், அவர் அவளை மூன்று முறை சொல்லச்சொல்லிக் கேட்டுக்கொண்டார்.

கடைசிச் சுற்று, சொத்தேர்ன். தேன் நிறத்தில் இனிப்பு ஒயின், ஆப்பிள் பணியாரத்தோடு. பூஞ்சை பிடித்துச் சுருங்கிய திராட்சையிலிருந்து செய்வது. பிரெஞ்சில் அந்தப் பூஞ்சைக்கு 'உன்னதமான அழுகல்' என்றே பெயர். துபாஷி அதைச் சொன்னதும், "ஒரு பூஞ்சை கெடுக்குது, இன்னொண்ணு வாழ வைக்குதா?" என்று கணவர் கேட்டார். பெரியவர் அதைக் கேட்டு, வாழ்நாள் முழுக்கத் தன் தொழிலே அதுதான் என்றார். பிறகு துபாஷியைப் பார்த்து ஏதோ கேட்டார். அவள் வழக்கம்போல் கூட்டத்துக்குத் திரும்பி, "உங்களுக்கு என்ன ருசி தெரியுதுன்னு கேக்கறார்" என்றாள்.

பெரியவர் தலையாட்டி மறுத்தார். அவர்களை அல்ல, அவளை.

துபாஷிக்கு முகம் சூடாகியது. கோப்பையை எடுத்து, முதல்முறையாக அவசரப்படாமல் குடித்தாள். வாய்க்குள் வெயில் பரவியதுபோல் இருந்தது. "பழுத்துப் பழுத்து, இன்னும் ஒரு நாள் விட்டா கெட்டுடும்னு இருக்கும் பாருங்க ஒரு பழம், அதைச் சரியா அன்னிக்கே சாப்பிட்ட மாதிரி" என்றாள் தமிழில். பிறகு அதைப் பிரெஞ்சில் சொல்லப் பார்த்தாள். சொல் கிடைக்காமல் இரண்டு தரம் தடுமாறி, கையால் காட்டி, எப்படியோ சொல்லி முடித்தாள். தன் வாயிலிருந்து வந்ததை மொழிபெயர்ப்பதுதான் உலகத்திலேயே கஷ்டமான வேலை என்று அப்போது தெரிந்துகொண்டாள். பெரியவர் தன் கோப்பையால் அவள் கோப்பையைத் தட்டினார். கூடம் முழுக்கக் கண்ணாடிச் சத்தம்.

விருந்தாளிகள் கிளம்பவே மனமில்லாமல் வாசல்வரை முகர்ந்ததைப் பற்றியே பேசிக்கொண்டு போனார்கள். பல் டாக்டர் துபாஷியின் தோளைத் தட்டிவிட்டுப் போனார். கடைசி ஆளும் போனதும் அவள் சமையலறைக்குள் வந்து ஒரு ஸ்டூலில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"டேய், எனக்கு உயிர் போற பசி."

தம்பி திரும்பிப் பார்த்தான். காதுகள் பழைய நிறத்துக்கு வந்திருந்தன. "உன்னை அப்படியே கழுத்தை நெரிச்சிடலாம்னு இருந்துச்சு அக்கா."

"எப்ப? பூனைக்கா, தக்கைக்கா?"

"ரெண்டுக்கும்தான்" என்றான். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவனுக்கு. சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டான். தம்பி மனைவி பாட்டில்களில் மிஞ்சியிருந்ததையெல்லாம் கோப்பைகளில் ஊற்றி வரிசையாக வைத்தாள். அப்பத் துண்டு, சீஸ், மீன், வறுவல், பணியாரம் எல்லாம் ஒரே தட்டில், ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து வந்தன.

"வறுவல் ஆறிப்போச்சு. சூடு பண்ணித் தரேன், குடு" என்றான் தம்பி.

"தொடாதே" என்று தட்டைக் கையால் மறைத்துக்கொண்டாள் துபாஷி. பெரியவர் கதவருகில் வந்து நின்றார். கணவர் தன் நாற்காலியை அவருக்கு நகர்த்திப் போட்டுவிட்டு, பாஷை தெரியாத குறையைப் பொருட்படுத்தாமல், கையால் மேலும் கீழும் காட்டி லிஃப்டைப் பற்றி ஏதோ விளக்க ஆரம்பித்தார். பெரியவர் ஆவலாகத் தலையாட்டிக் கேட்டுக்கொண்டிருந்தார். துபாஷி உதவிக்குப் போகவில்லை. அவள் வாய் நிறையச் சாப்பாடு இருந்தது.